குடியுரிமைக்கு ஓர் ஆலயம்

தஞ்சையும் மதுரையும் கண்டு பழகிய கண்களுக்கு, அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் உள்ள யூதர் ஜெபாலயம் பெரியதொரு கட்டடமாகத் தோன்றாது. கோபுரம் இல்லை, சுவரில் சிற்பம் இல்லை. செங்கல்லால் எழுப்பி வண்ணம் பூசிய இரண்டடுக்குக் கட்டடம் ஒன்று, தூண்கள் தாங்கிய சிறு முகப்புடன், தெருவுக்கு நேராக நில்லாமல் சற்றே கோணலாக நிற்கின்றது. கட்டியவர் கை பிசகிவிட்டது போலும் என்று வழிப்போக்கர் எண்ணக்கூடும். பிசகன்று. தொழும்போது எருசலேமை நோக்கித் தொழவேண்டும் என்பது யூதர் மரபு. நியூபோர்ட்டிலிருந்து எருசலேம் கிழக்கே உள்ளது. தெரு வேறு திசையில் போயிற்று. ஆகவே தெருவைப் பாராமல் கிழக்கைப் பார்த்துக் கட்டினார்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று நிற்கும் யூதர் ஆலயங்களில் மிகப் பழமையானது இதுவே. திறப்பு விழா நடந்த ஆண்டு 1763. பழமை என்று மட்டும் பார்த்தால் நமக்கு இதில் வியப்பில்லை. கொச்சியில் உள்ள பரதேசி யூதர் ஆலயம் 1568இல் எழுந்தது. இதற்கு 195 ஆண்டு மூத்தது. நியூபோர்ட் ஆலயத்தின் சிறப்பு அதன் வயதில் இல்லை. ஒரு நாட்டில் வந்து குடியேறிய சிறு கூட்டத்தார், அந்நாட்டில் யார் தயவால் வாழ்கின்றனர், அல்லது யார் தயவும் வேண்டாமல் வாழ்கின்றனரா என்னும் கேள்விக்கு இக்கட்டடத்தைச் சுற்றி ஒரு விடை பிறந்தது. அந்த விடைக்காகவே இதன் வரலாற்றை நமது மலரில் எழுத விரும்புகின்றோம்.

கதையைச் சற்று முன்னிருந்தே தொடங்கவேண்டும். 1492இல் ஸ்பெயின் மன்னர் யூதரை நாடு கடத்தினர். பலர் அண்டை நாடாகிய போர்ச்சுகலுக்கு ஓடினர். 1497இல் அங்கும் கட்டாய ஞானஸ்நானம். 1536இல் போர்ச்சுகலில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. வெளியே கிறித்தவர், வீட்டுக்குள் யூதர் என்று தலைமுறை தலைமுறையாக இரட்டை வாழ்க்கை வாழ்ந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. தப்பியவர் ஆம்ஸ்டர்டாம், லண்டன், மேற்கிந்தியத் தீவுகள் என்று சிதறினர். அவர்களுள் சிலர் 1658ஆம் ஆண்டளவில் நியூபோர்ட்டுக்கு வந்தனர் என்பது அவ்வூர் மரபு. எழுத்துச் சான்றாக ஐயமின்றி நிற்பது 1677ஆம் ஆண்டின் ஒரு நிலப் பத்திரம்; இடுகாட்டுக்காக வாங்கிய நிலம் அது. தொழும் இடத்துக்கு முன்பே புதைக்கும் இடம் வாங்கினார்கள். திரும்பிப் போகும் எண்ணம் இல்லாதவர் செய்யும் செயல் இது.

ஏன் நியூபோர்ட்? அவ்வூர் இருந்த ரோட் ஐலண்டு குடியேற்றம் மற்றவற்றைப் போன்றதன்று. மாசச்சூசெட்ஸில் பாதிரியாராக இருந்த ரோஜர் வில்லியம்ஸ், மனிதனின் மனச்சாட்சியில் அரசு தலையிடக் கூடாது என்று சொன்னதற்காக 1635இல் அங்கிருந்து விலக்கப்பட்டார். 1636இல் அவர் பிராவிடன்ஸ் என்னும் ஊரை நிறுவினார். அதைச் சூழ்ந்து வளர்ந்த குடியேற்றத்துக்கு 1663இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் ஒரு சாசனம் வழங்கினார். சமயக் கருத்து வேறுபாட்டுக்காக எவரையும் துன்புறுத்தலாகாது என்று அச்சாசனத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஐரோப்பா சமயப் போர்களால் எரிந்து தணிந்துகொண்டிருந்த நூற்றாண்டில் இது சிறிய செய்தியன்று.

ஆனால் சாசனம் ஒன்று. சாசனத்தைக் கையில் வைத்திருப்போர் மனம் மற்றொன்று. 1684இல் நியூபோர்ட் யூதர் சட்டசபைக்கு விண்ணப்பம் செய்தபோது, எங்கள் நாட்டினர் அல்லாத பிற அந்நியருக்குக் கிடைக்கும் அளவு பாதுகாப்பு உங்களுக்கும் கிடைக்கும், சட்டத்துக்குப் பணிந்து நடந்தால் போதும், என்னும் பொருளில் பதில் வந்தது. நல்ல பதில்தான். எனினும் 'அந்நியர்' என்னும் சொல் அதில் இருக்கின்றது. தொழலாம், வணிகம் செய்யலாம், இறந்தால் புதைக்கலாம். ஊரார் ஆக முடியாது.

இந்த நிலையை முழுதாகக் காட்டுவது ஆரோன் லோப்பஸ் என்பவரின் வரலாறு. 1731இல் லிஸ்பன் நகரில் பிறந்தார். அங்கே அவர் பெயர் துவார்த்தே. 1752இல் மனைவியுடன் நியூபோர்ட் வந்து சேர்ந்ததும், மறைத்து வைத்திருந்த சமயத்தை வெளிப்படையாக ஏற்றார். ஆரோன் என்று பெயர் மாற்றினார், விருத்தசேதனம் செய்துகொண்டார், தம் மனைவியையே யூத முறைப்படி மீண்டும் மணந்தார். வணிகத்தில் அவர் கை பட்டதெல்லாம் பொன்னாயிற்று. திமிங்கிலத்தின் தலையிலிருந்து கிடைக்கும் மெழுகால் மெழுகுவத்தி செய்யும் தொழில் அக்காலத்தில் நியூபோர்ட்டுக்குப் பெரும் பொருள் ஈட்டித் தந்தது. அத்தொழிலில் அவர் முன்னணியில் நின்றார். பிற்காலத்தில் முப்பதளவு கப்பல்களில் அவருக்குப் பங்கு இருந்தது.

ஊரில் அப்போது ஏறத்தாழ இருபது யூதக் குடும்பங்களே இருந்தன. அவர்கள் சேர்ந்து ஓர் ஆலயம் எழுப்பத் துணிந்தனர். 1759இல் நிலம் வாங்கி, ஆகஸ்டு முதல் நாள் அடிக்கல் நாட்டினர். அடிக்கல் நாட்டியோருள் லோப்பஸும் ஒருவர். கையில் இருந்த பணம் போதவில்லை. நியூயார்க், ஜமைக்கா, குராசோ, சுரினாம், லண்டன் எனத் தம்மவர் இருந்த ஊர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினர். கடிதம் போய்ப் பதில் வரவே மாதக்கணக்காகும் காலம் அது. கட்டட நிதி திரட்டிப் பார்த்த சங்கத்தார்க்கு இதன் அருமை விளங்கும். நூறு வீட்டுக் காலனியிலேயே ரசீதுப் புத்தகத்துடன் மூன்று முறை நடக்கவேண்டியிருக்கின்றது.

கட்டட வேலையின் திட்டம் வரைந்தவர் பீட்டர் ஹாரிசன். இவர் யூதர் அல்லர்; தொழிலால் கப்பல் வணிகர்; கட்டடக் கலையை நூல்கள் வழியே தாமே கற்றவர். நியூபோர்ட்டின் ரெட்வுட் நூலகமும் பாஸ்டன் நகரின் கிங்ஸ் சாப்பல் என்னும் தேவாலயமும் இவர் திட்டமே. வெளியே எளிமை, உள்ளே சென்றால் வேறு உலகம். மூன்று பக்கமும் பெண்டிர் அமரும் மாடம். அம்மாடத்தைப் பன்னிரண்டு தூண்கள் தாங்குகின்றன; அவற்றின் மேல் மீண்டும் பன்னிரண்டு தூண்கள் எழுந்து விதானத்தைத் தாங்குகின்றன. இஸ்ரவேலின் பன்னிரு குலங்களைக் குறிப்பது அவ்வெண். ஒவ்வொரு தூணும் ஒரே மரத்தில் கடைந்தது. நடுவே மறை ஓதும் மேடை. கிழக்கே தோரா என்னும் வேதச் சுருள்கள் வைக்கும் பேழை. ஓதும் மேடையின் அடியில் ஒரு கதவு உண்டு. கீழே ஓர் ஒளிவிடத்துக்கு அது வழி. போர்ச்சுகலில் ஒளிந்து தொழுத காலத்தின் நினைவு என்பர் சிலர். தப்பியோடிய அடிமைகளை ஒளித்த இடம் என்பர் வேறு சிலர். கதைகள் இனியவை, சான்றுகள் இல்லை. நாம் கதவை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்வோம்.

இனி வருவதுதான் வியப்பு. ஆலயத்தின் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதற்கு அடிக்கல் நாட்டிய லோப்பஸுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. 1740இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. குடியேற்றங்களில் ஏழாண்டு வாழ்ந்த வெளிநாட்டார் பிரிட்டிஷ் குடிகளாகலாம். யூதர் கிறித்தவ வாசகம் சொல்லிச் சத்தியம் செய்யவேண்டியதில்லை என்பது அச்சட்டம். அதன்படி லோப்பஸும் ஐசக் எலிசர் என்பவரும் விண்ணப்பித்தனர். சட்டசபைக்கும் நீதிமன்றத்துக்குமாக அலைந்த பின், 1762 மார்ச்சில் உயர்நீதிமன்றம் மறுத்துத் தீர்ப்புக் கூறிற்று. காரணம் இரண்டு சொல்லப்பட்டன. குடியேற்றங்களில் மக்கள் தொகையைப் பெருக்கவே அச்சட்டம் வந்தது, இங்கோ ஊர் நிறைந்துவிட்டது என்பது ஒன்று. கிறித்தவ சமயத்தைத் தடையின்றிப் பேணுவதற்காகவே இக்குடியேற்றம் உண்டாயிற்று என்பது மற்றொன்று. அலுவலகக் கோப்புகளிடையே காலம் கழிக்கும் நம் போன்றோர்க்கு இத்தகைய உத்தரவின் நடை புதிதன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு காரணம் காட்டும் உத்தரவில், எழுதாத மூன்றாவது காரணமே மெய்யானது.

ரோஜர் வில்லியம்ஸை விரட்டிய மாசச்சூசெட்ஸுக்குப் போய், 1762 அக்டோபரில் அங்கே குடியுரிமை பெற்றார் லோப்பஸ். சமய உரிமையின் தாயகம் மறுத்ததை, சமயக் கெடுபிடிக்குப் பெயர் பெற்ற இடம் கொடுத்தது. வரலாறு சில வேளைகளில் நம்மைக் கேலி செய்கின்றது.

மறு ஆண்டு, 1763 டிசம்பர் 2ஆம் நாள், யூதரின் ஹனுக்கா விளக்கு விழா நாட்களில், ஆலயம் திறக்கப்பட்டது. ஊர்ப் பெரியோர் பலரும் வந்திருந்தனர். நியூபோர்ட்டில் கிறித்தவப் போதகராக இருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ் அவ்விழாவை விரிவாக எழுதி வைத்திருக்கின்றார். எபிரேய மொழி கற்கும் ஆர்வத்தால் யூதரோடு நெருங்கிப் பழகிய அறிஞர் அவர். 1778இல் யேல் கல்லூரியின் தலைவரானார்.

யேல் என்னும் பெயர் வந்ததால் ஒரு செய்தி. அக்கல்லூரி எவர் பெயர் தாங்கி நிற்கின்றதோ, அந்த எலிஹு யேல், பாஸ்டனில் பிறந்து நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். அவர் காலத்தில்தான், 1688 செப்டம்பர் 29ஆம் நாள், சென்னை மாநகராட்சி தொடங்கிற்று. அதன் ஆல்டர்மேன்கள் பன்னிருவருள் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், போர்ச்சுகீசியர், இந்துக்கள் ஆகியோருடன் யூத வணிகர் மூவரும் இருந்தனர். போர்ச்சுகலிலிருந்து சிதறிய அதே சமூகத்தார்தான் இவர்களும். லண்டனிலிருந்து பவழம் வரவழைத்து, இங்கே கோல்கொண்டா வைரம் வாங்கி அனுப்பியவர்கள். சென்னையின் பவழக்காரத் தெரு அவ்வாணிகத்தின் நினைவு. முதல் மேயராகிய நத்தானியேல் ஹிகின்சனும் அமெரிக்காவில் பிறந்தவரே. ஆக, நியூபோர்ட்டில் யூதர் 'அந்நியர்' என்று எழுதப்பட்டு நான்கே ஆண்டில், சென்னையில் அவர்கள் நகராட்சி மன்றத்தில் அமர்ந்திருந்தனர். கம்பெனியாரின் பெருந்தன்மை என்று இதனைப் புகழ நாம் அணியமாக இல்லை; வைர வாணிகம் வேண்டியிருந்தது, வாணிகர் வேண்டியிருந்தனர், நகர வரிக்கும் எல்லாச் சமூகத்தாரின் இசைவும் வேண்டியிருந்தது. வேண்டும்போது கொடுக்கும் இடம் வேறு, வேண்டாதபோதும் பறிக்கமுடியாத உரிமை வேறு. இந்த வேறுபாட்டை நியூபோர்ட் யூதர் ஒருவரே பின்னர் ஒரு கடிதத்தில் தெளிவாக எழுதினார். அதற்கு இடையே ஒரு போர் நடந்தது.

1776 டிசம்பரில் ஆங்கிலேயப் படை நியூபோர்ட்டைக் கைப்பற்றி 1779 அக்டோபர் வரை அங்கே தங்கிற்று. குளிர் காய்வதற்காக மரவீடுகள் இடித்து எரிக்கப்பட்டன. ஊர் பாழாயிற்று. ஜெபாலயம் தப்பியது, மருத்துவமனையாகப் பயன்பட்டது என்பர். குடியரசுக் கட்சியினரான யூதர் பலர் ஊரை விட்டு வெளியேறினர். ஆலயத்தில் மறை ஓதிய ஐசக் டூரோ மட்டும் ஆங்கில மன்னர்பால் பற்றுடையவராய் இருந்தார். படையோடு நியூயார்க் சென்று, பின்னர் ஜமைக்காவில் 1783இல் இறந்தார். குடியாட்சியின் நினைவுச் சின்னமாகப் போற்றப்படும் ஆலயம் முடியாட்சிப் பற்றாளர் குடும்பத்தின் பெயரால் 'டூரோ ஜெபாலயம்' என்று வழங்குகின்றது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

வெளியேறிய லோப்பஸ், அமைதி திரும்புவதைக் கேட்டு 1782 மே மாதத்தில் நியூபோர்ட்டுக்குப் புறப்பட்டார். வழியில் ஒரு குளத்தில் வண்டிக் குதிரைக்குத் தண்ணீர் காட்ட இறங்கியபோது புதைமணலில் சிக்கி, குடும்பத்தார் கண்முன்னே மூழ்கி இறந்தார். அவர் உடல் 1677இல் வாங்கிய அந்த இடுகாட்டிலேயே அடங்கிற்று.

ஆங்கிலேயர் போனபின் ஊரில் பெரிய கூடங்கள் எஞ்சவில்லை. ஆகவே 1780 முதல் சில காலம் ரோட் ஐலண்டு சட்டசபை இந்த ஜெபாலயத்தில் கூடிற்று. உயர்நீதிமன்றமும் இங்கே அமர்ந்தது. இருபதாண்டுக்கு முன் எந்தச் சட்டசபையும் எந்த நீதிமன்றமும் யூதரைக் குடிகளாக ஏற்க மறுத்தனவோ, அவையே யூதரின் கூரைக்கு அடியில் தங்கி அலுவல் நடத்தின. இதைவிடப் பெரிய நீதியைக் கதாசிரியர்கூடக் கற்பனை செய்யமாட்டார். அடைக்கலம் கேட்டு வந்தவர்க்குக் கதவைத் திறந்துவிட்டனர் என்பதோடு ஆலயத்தார் நிறுத்திக்கொண்டனர்.

புதிய அரசியலமைப்பை ஏற்பதில் பதின்மூன்று மாநிலங்களுள் கடைசியாக நின்றது ரோட் ஐலண்டு. 1790 மே 29இல்தான் ஏற்றது. அதுவரை அம்மாநிலத்தை ஒதுக்கியிருந்த ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன், ஆகஸ்டு 17இல் தாமஸ் ஜெபர்சனையும் உடன் அழைத்துக்கொண்டு நியூபோர்ட் வந்தார். மறுநாள் ஊர்ச் சபைகள் பலவும் வரவேற்பிதழ் வாசித்தளித்தன. யூதர் சபையின் சார்பில் அதன் காப்பாளர் மோசஸ் சேஷஸ் எழுதிய இதழும் அவற்றுள் ஒன்று.

வரவேற்பிதழ்கள் எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். நமது சங்கமும் எழுதியதுண்டு. முதலில் புகழ்ச்சி, நடுவில் புகழ்ச்சி, முடிவில் ஒரு கட்டடத்துக்கோ பஸ் வசதிக்கோ விண்ணப்பம். சேஷஸின் இதழிலும் புகழ்ச்சி உண்டு. தாவீதும் தானியேலும் வருகின்றனர். ஆனால் நடுவே அவர் ஒரு வாக்கியம் வைத்தார். இதுகாறும் சுதந்திரக் குடிமக்களின் உரிமைகளை இழந்திருந்த நாங்கள், இப்போது மக்களின் மாட்சியால் எழுந்த ஓர் அரசைக் காண்கின்றோம். அது மத வெறிக்கு இசைவு அளிப்பதில்லை, துன்புறுத்தலுக்குத் துணை நிற்பதில்லை. மனச்சாட்சியின் உரிமையையும் குடியுரிமையையும் எல்லார்க்கும் வழங்குகின்றது என்பது அதன் கருத்து. விண்ணப்பம் எதுவும் இல்லை. நன்றி சொல்வது போல் சொல்லி, இதுதான் உங்கள் அரசின் கொள்கை என்று ஜனாதிபதியிடமே நிலைநாட்டிவிட்டார். வணிகர் அல்லரா, கணக்கை எழுதிக் காட்டி எதிர்த்தரப்பின் கையொப்பத்தை வாங்கும் திறம் அது.

கையொப்பமும் கிடைத்தது. வாஷிங்டன் எழுதிய மறுமொழியில் சேஷஸின் அச்சொற்களையே எடுத்தாண்டார். அதனால் அவை வாஷிங்டனின் சொற்களாகவே உலகப் புகழ் பெற்றன; எழுதிய சேஷஸை நினைப்பவர் சிலரே. ஆயினும் வாஷிங்டன் தாமாகச் சேர்த்த ஒரு கருத்து அதனினும் ஆழமானது. ஒரு வகுப்பார் மனமிரங்கி விட்டுக் கொடுப்பதால் இன்னொரு வகுப்பார் தம் இயற்கை உரிமைகளை நுகர்கின்றனர் என்பது போலப் பேசும் பேச்சு இனி இல்லை. சகிப்பு என்னும் அப்பேச்சுக்கே இடமில்லை. நல்ல குடிகளாக நடந்து, வேண்டியபோது அரசுக்குத் துணை நின்றால் போதும் என்று எழுதினார். ஒவ்வொருவரும் தத்தம் திராட்சைக் கொடியின் கீழும் அத்தி மரத்தின் கீழும் அச்சமின்றி அமரட்டும் என்று யூத மறையின் உவமையாலேயே வாழ்த்தி முடித்தார்.

சகிப்பு என்பதற்கு நம் பேச்சு வழக்கில் ஓர் அழகான சொல்லுண்டு: 'இருந்துவிட்டுப் போகட்டும்.' பேருந்திலும் குழாயடியிலும் பலமுறை நாம் கேட்டிருக்கின்றோம். பிற மொழியில் சொன்னாலும் பொருள் அதுவே. சொல்பவர் தீயவர் அல்லர், பெரும்பாலும் நல்லவரே. ஆனால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இன்று சொல்லும் வாய், நாளை 'இருந்தது போதும்' என்று சொல்லவும் கூடும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கின்றது. 1966ஆம் ஆண்டையொட்டிப் பம்பாயில் தென்னாட்டார் உணவு விடுதிகள்மேல் கல் விழுந்தபோது அதை நேரில் அறிந்த மூத்தோர் நம் குடும்பங்களில் உண்டு. 1950இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு, இந்நாட்டின் எப்பகுதியிலும் சென்று வாழவும் குடியேறவும் குடிமக்கள் எல்லார்க்கும் உரிமை தந்துள்ளது. 29ஆம் உறுப்பு, தனக்கென மொழியும் எழுத்தும் பண்பாடும் உடைய எப்பிரிவினரும் அவற்றைக் காத்துக்கொள்ள உரிமை தந்துள்ளது. ஞாயிறுதோறும் நம் குழந்தைகள் சங்கக் கூடத்தில் 'அ, ஆ' எழுதுவது அண்டை வீட்டாரின் பெருந்தன்மையால் அன்று. அண்டை வீட்டார் பெருந்தன்மையுடையோர் என்பதும் மெய். பொங்கலன்று நம் கோலத்தைப் பார்க்க வருவோரை நாம் மறவோம். இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ளலாகாது என்பதே நம் கருத்து.

நியூபோர்ட் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு மயங்கிவிடக்கூடாது. வாஷிங்டன் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். நியூபோர்ட்டின் செல்வம் பெரும் பகுதி அடிமை வாணிகத்தால் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரை ஏற்றிவந்த கப்பல்கள் அத்துறைமுகத்திலிருந்தே மிகுதியாகப் புறப்பட்டன. குடியுரிமைக்காக அலைந்த அதே ஆரோன் லோப்பஸும் அவ்வாணிகத்தில் கப்பல் செலுத்தியவர்தாம். தனக்கு மறுக்கப்பட்ட உரிமையின் அருமை தெரிந்தவனுக்குப் பிறன் உரிமையின் அருமையும் தெரிந்துவிடும் என்று நாம் எண்ணுகின்றோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. யூதருக்கும்கூட எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில் கதவு திறக்கவில்லை. மேரிலாந்தில் அவர்கள் பதவி வகிக்க 1826 வரையும், நியூ ஹாம்ப்ஷயரில் 1877 வரையும் காத்திருக்கவேண்டியிருந்தது.

கடிதம் வந்தது, ஆனால் ஊர் பிழைக்கவில்லை. போரில் நொடிந்த நியூபோர்ட் வணிகம் மீண்டும் தலையெடுக்கவே இல்லை. யூதக் குடும்பங்கள் நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் தெற்கே சார்ல்ஸ்டனுக்கும் ஒவ்வொன்றாய்ப் பெயர்ந்தன. 1822இல் கடைசி யூதராகிய மோசஸ் லோப்பஸும் நியூயார்க் சென்றார். வேதச் சுருள்களும் பத்திரங்களும் நியூயார்க்கின் ஷீரித் இஸ்ரவேல் சபையாரிடம் போயின. சாவியோ குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த கூல்டு என்னும் குடும்பத்தாரிடம் தங்கிற்று. தொழுவார் ஒருவர்கூட இல்லாத பிற மதக் கோயிலை அவர்கள் பூட்டித் துடைத்துக் காத்தனர். உரிமை வேறு, பெருந்தன்மை வேறு என்று மேலே எழுதினோம். உரிமையுடையோர் எல்லாரும் போனபின் கட்டடத்தைக் காத்தது பெருந்தன்மைதான் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பெயருக்கு வருவோம். ஐசக் டூரோவின் பிள்ளைகள் ஆபிரகாமும் ஜூடாவும் பாஸ்டனில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து பெரும் பொருள் ஈட்டினர். 1822இல் இறந்த ஆபிரகாம், ஆலயத்தைப் பேண 10,000 டாலர் எழுதி வைத்தார். ஜூடா, நியூ ஆர்லியன்ஸ் நகரில் வணிகராகி, 1815இல் ஆங்கிலேயருக்கு எதிரான போரில் காயமுற்றவர். 1854இல் இறக்கும்போது யூதர், கிறித்தவர் என்று பாராமல் பல அறநிலையங்களுக்கு வாரி வழங்கினார். நியூபோர்ட்டுக்கும் பங்கு வைத்தார். தந்தை மன்னர் பக்கம் நின்றார். பிள்ளை குடியரசுக்காகக் குருதி சிந்தினார். இருவர் பணத்தாலும் நிலைத்த ஆலயம் அவர்கள் குடும்பப் பெயர் பெற்றது. உடன்பிறந்தார் இருவரும் நியூபோர்ட் இடுகாட்டிலேயே அடங்கியுள்ளனர்.

1852இல் கவிஞர் லாங்பெல்லோ அவ்விடுகாட்டைப் பார்த்துச் சென்று, இனி மீளாத ஒரு சமூகம் என்று இரங்கிப் பாடினார். 1867இல் எம்மா லாசரஸ் என்னும் இளம் பெண், ஆளற்ற அவ்வாலயத்தைப் பற்றி மறுமொழி போல ஒரு பாட்டு எழுதினார். பின்னாளில் சுதந்திர தேவி சிலைக்காக, நாடிழந்து வருவோரை வரவேற்கும் புகழ் பெற்ற பாட்டை 1883இல் எழுதியவர் அவரே. லாங்பெல்லோ சொன்னது பலிக்கவில்லை. ருஷ்யப் பேரரசின் கொடுமைக்குத் தப்பிக் கிழக்கு ஐரோப்பிய யூதர் வந்து குடியேற, அதே 1883இல் ஆலயம் மீண்டும் முறையாகத் திறக்கப்பட்டது. லண்டனிலிருந்து ஆபிரகாம் பெரைரா மெண்டஸ் என்னும் ரபி வந்து பொறுப்பேற்றார். 1946இல் அமெரிக்க அரசு இதனைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1982இல் தபால்தலையும் வெளியிட்டது.

கோயில் சொத்து வழக்கு நம் நாட்டுக்கே உரிய நோய் என்று எண்ணியிருப்போர்க்கு ஓர் ஆறுதல். ஆலயம் யாருக்குச் சொந்தம்? பத்திரத்தை வைத்திருந்த நியூயார்க் சபையார் 1903இல் ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகை என நியூபோர்ட் சபையாருக்குக் குத்தகை எழுதியிருந்தனர். நூறாண்டுக்கு மேல் அமைதி. பின்னர் நியூபோர்ட் சபை பண முடையால், மையர் மையர்ஸ் என்னும் பழைய கம்மியர் செய்த வேதச் சுருளின் வெள்ளிக் குமிழ்களைப் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்கு 74 லட்சம் டாலருக்கு விற்க முனைந்தது. நியூயார்க் சபை தடுத்தது. 2012இல் வழக்கு எழுந்தது. 2016இல் ஒரு நீதிமன்றம் நியூபோர்ட் பக்கம் தீர்ப்பளித்தது. 2017இல் மேல்முறையீட்டு மன்றம் அதை மாற்றி, கட்டடமும் குமிழ்களும் நியூயார்க் சபைக்கே உரியவை என்றது. 2019இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மேற்கொண்டு விசாரிக்க மறுத்துவிட்டது. வாஷிங்டன் எழுதிய மூலக் கடிதமும் ஆலயத்தில் இல்லை. நெடுங்காலம் தனியார் அறக்கட்டளை ஒன்றின் வசம் மக்கள் கண்ணில் படாமல் கிடந்து, 2012இல் பிலடெல்பியா நகரின் யூத அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது.

ஆயினும் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நியூபோர்ட் ஆலயத்தில் பல சமயத்தாரும் கூடுகின்றனர். பன்னிரு தூண்களின் நடுவே ஒருவர் எழுந்து வாஷிங்டனின் கடிதத்தை முதலிலிருந்து முடிவு வரை உரக்கப் படிக்கின்றார். சேஷஸ் எழுதியதும் உடன் படிக்கப்படுவதுண்டு.